அண்ணியின் இடது கண்

நாலு மணிக்கு வரைந்த கண்ணை நாலே முக்காலுக்குத் துடைத்து எடுத்தேன்.

ஈரத் தூரிகையால் தடவி, டிஷ்யூ காகிதத்தை ஒற்றி, மறுபடியும் தடவி. மூன்றாவது முறை ஒற்றியபோது காகிதத்தின் மேல்தோல் பிய்ந்து பஞ்சுபோலச் சுருண்டு வந்தது. நீர்வண்ணத்தில் அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை. பிய்ந்த இடத்தில் வண்ணம் திட்டாக இறங்கிவிடும். என் படத்தில் இடது கண் யாரோ குத்திவிட்ட மாதிரி கன்றிப் போயிருந்தது.

எதிரே, சமையலறையிலிருந்து கொண்டுவந்து போட்ட நாற்காலியில் கஸ்தூரி அண்ணி உட்கார்ந்திருந்தார். என் கணவர் சேகரின் அக்கா.

"இன்னா, கெட்டுப் பூட்சா?" என்றார்.

"கண்ணு சரியா வரலை அண்ணி."

"என் கண்ணா, உன் கண்ணா?"

வெளியே மழை. புனே விமான் நகரில் எங்கள் வீட்டுக்கு மேலே இறங்கும் விமானங்கள் மழை நாளில் இன்னும் தாழ்வாகப் போவதுபோலச் சத்தம் கேட்கும். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து நின்றது. நான் அண்ணியின் முகத்தையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தேன்.

உட்கார்ந்தபோது இரண்டு கண்ணும் ஒரே அளவு. பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து அளந்துதான் கோடு போட்டேன். இப்போது இடது கண்ணின் மேலிமை கீழே இறங்கி, கருவிழியில் பாதியை மூடியிருந்தது. நான் அளந்தது தப்பா, இப்போது பார்ப்பது தப்பா?

அது மூன்றாம் நாள். முந்தைய இரண்டு நாளும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுந்திருந்தேன்.

வகுப்பில் மூத்தவள்

வங்கி வேலையை விட்டதைப் பற்றிப் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு மூன்று பேர் கேட்டார்கள், வீட்டில் உட்கார்ந்து என்னதான் செய்தீர்கள் என்று. படம் போடக் கற்றுக்கொள்ளப் போனேன்.

பாணேரில் ஓர் அடுக்குமாடி வீட்டின் ஹாலில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வகுப்பு. கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் பத்துப் பேர், ஐம்பத்து மூன்று வயதில் நான் ஒருத்தி. சொல்லிக்கொடுக்கும் கேதகிக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்காது. என் மகளைவிடக் கொஞ்சம் பெரியவள். இந்தியில்தான் பேசுவாள், நான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

ஆப்பிள், பித்தளைச் சொம்பு, வாழைத்தார் எல்லாம் முடிந்து மழைக்காலத்தின் கடைசியில் முகத்துக்கு வந்தோம். கேதகி ஒரு பயிற்சி கொடுத்தாள். ஒரே முகம். ஐந்து நாள். தினமும் ஒரு மணி நேரம். புகைப்படம் பார்த்து வரையக் கூடாது, ஆள் எதிரே உட்கார வேண்டும். அழகாக்கக் கூடாது. ஒவ்வொரு பாகத்தை முடித்ததும் அதன் பக்கத்திலேயே பென்சிலால் மணியைக் குறித்து வைக்க வேண்டும்.

"எதுக்கு மணி?" என்று ஒரு பையன் கேட்டான்.

"வெளிச்சம் நகரும். மூக்கின் நிழல் நாலு மணிக்கு ஒரு பக்கம் இருக்கும், ஐந்து மணிக்கு வேறு பக்கம் போகும். அப்புறம் குழம்பக் கூடாது இல்லையா?" என்றாள்.

வீட்டுக்கு வந்து ஆள் தேடினேன். சேகரை உட்காரவைத்தால் பத்தாவது நிமிடம் தலை தொங்கிவிடும். மகள் பெங்களூரில். வேலைக்கு வரும் சுனந்தாவுக்கு இன்னும் மூன்று வீடு இருக்கிறது. மிச்சம் அண்ணிதான்.

கேட்கவே எனக்குத் தயக்கமாக இருந்தது. காரணம் பின்னால் வரும்.

"உக்காந்தா போதுமா? பேசணுமா?" என்றார்.

"பேச வேண்டாம் அண்ணி."

"அப்போ சரி."

மதினி இல்லை, அண்ணி

என் ஊர் திருநெல்வேலிப் பக்கம். அங்கே புருஷனின் அக்காவை மதினி என்போம். கல்யாணமாகிப் புனே ஸ்டேஷனில் வந்து இறங்கிய அன்று, கட்கி குவார்ட்டர்ஸ் வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றவரை நான் அப்படித்தான் கூப்பிட்டேன்.

"மதினியா? அது இன்னா மதினி? அண்ணின்னு கூப்டு" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

அவர்கள் குடும்பம் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தது. மாமனாரின் அப்பா காலத்திலேயே கட்கி வெடிமருந்து ஃபேக்டரியில் வேலை. அண்ணி பிறந்தது, படித்தது, முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் இந்தி டீச்சராக இருந்தது எல்லாம் கட்கியைச் சுற்றியே. மாமனார் சீக்கிரம் போய்விட்டதால் சேகரைப் படிக்கவைத்தது அவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வகுப்பில் அறுபது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்காரவைக்கும் குரல் அவருடையது. வீட்டிலும் அதே குரல்தான்.

ஓய்வு பெற்ற பிறகு இரண்டு வருடமாக எங்களோடு இருந்தார். முதல் வருடம் பழுதில்லை. அடுத்த வருடம்தான் எனக்குத் தாங்கவில்லை.

தோசை சுட்டுப் போட்டால் ஒன்றைப் பாதி தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளிவைப்பார். சப்பாத்தியைத் தொடுவதே இல்லை. சாப்பிடும்போது தாடையில் கையை முட்டுக்கொடுத்துக்கொண்டு, என்னடா இது என்பதுபோல உட்கார்ந்திருப்பார். பிறகு அவரே எழுந்துபோய், பருப்பையும் சோற்றையும் குழைத்து மராத்திக்காரர்கள் செய்கிற மாதிரி வரண்-பாத் செய்து விழுங்குவார். என் அடுப்படியில், என் கண்ணெதிரே.

காலையில் கணீரென்று பேசுகிறவர் சாயங்காலமானால் வாயைத் திறக்க மாட்டார். எதைக் கேட்டாலும் மூக்கால் ஒரு 'ம்'. அவ்வளவுதான்.

எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பார்வை. டிவி பார்க்கும்போது, நான் குறுக்கே போனால், அரைக்கண்ணால் ஒரு பார்வை பார்ப்பார். துச்சமாகப் பார்ப்பதை அரைக்கண்ணால் பார்ப்பது என்றுதானே நாம் சொல்கிறோம்? நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

சேகரிடம் புலம்பினேன். ஒரு நாள் இல்லை, பல மாதம். கடைசியில் அவரும் இறங்கி வந்தார். கட்கியில் பழைய ஆட்கள் இருக்கும் பக்கமாக ஓர் அறை-சமையலறை வீடு பார்த்தோம். அண்ணிக்கு அங்கே பழக்கம், தெரிந்த முகங்கள் என்று எங்களுக்கு நாங்களே காரணம் சொல்லிக்கொண்டோம். தீபாவளி கழித்துச் சொல்லலாம் என்று பால்கனியில் நின்று பேசி முடிவு செய்தோம்.

அப்படி அனுப்பப்போகிறவரைத்தான் எதிரே உட்காரவைத்து ஒரு மணி நேரம் முகத்தைப் பார்க்கப் போனேன். தயக்கம் அதனால்தான்.

முகம் பார்ப்பது

நீர்வண்ணத்தில் முகம் போடுகிறவர்களுக்கு முதல் பயம் வெள்ளை. எண்ணெய் வண்ணமானால் கடைசியில் ஒரு சொட்டு வெள்ளையை வைத்துவிடலாம். இதில் முடியாது. மூக்கு நுனியில், கீழுதட்டில், கண்ணின் பளபளப்பில் வெளிச்சம் எங்கே விழுகிறதோ அங்கே காகிதத்தை முதலிலேயே தொடாமல் விட வேண்டும். முகம் முழுக்கக் காவியும் கொஞ்சம் சிவப்பும் கலந்து, தண்ணீராக ஒரு பூச்சு. காய்ந்ததும் நிழல்களுக்கு இரண்டாவது பூச்சு. அதற்குப் பிறகு கருமைகள்.

புனே மழையில் காகிதம் காயவே காயாது. பொறுமையில்லாமல் ஈரத்தின்மேல் இன்னொரு பூச்சு வைத்தால் நீர் பின்னோக்கி ஓடி, காலிஃபிளவர் பூ மாதிரி விளிம்பு கட்டிவிடும். முதல் நாள் அண்ணியின் கன்னத்தில் ஒரு பூ. அதன்பிறகு தலைமுடி உலர்த்தும் கருவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

முப்பது வருடம் ஒரே குடும்பத்தில் இருந்தும், அவருடைய மூக்கு லேசாக வலப்பக்கம் சாய்ந்திருப்பது எனக்குத் தெரியாது. புருவத்துக்குள் ஒரு பழைய தழும்பு. காதுமடலில், கம்மலின் கனத்தால் நீண்டுபோன துளை. வரைந்துகொண்டிருக்கும்போது கோபம் நினைவுக்கு வராது என்று கேதகி சொல்லவில்லை. ஆனால் அப்படித்தான் இருந்தது. கோபத்தின் இடத்தில் அளவு வந்து உட்கார்ந்துகொண்டது. கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவே எவ்வளவு, மூக்கிலிருந்து உதடு எவ்வளவு.

முதல் இரண்டு நாளும் வலது கண்ணை முதலில் போட்டேன். இடது கண்ணுக்கு வரும்போது நாலே முக்கால் ஆகியிருக்கும். அது சின்னதாக வந்தது. எனக்கு இடப்பக்கம் வராது போலிருக்கிறது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் இடது கண்ணை முதலில் போட்டேன். அகலமாக, சரியாக வந்தது. ஆனால் முக்கால் மணி நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்தால் எதிரே இருக்கும் கண்ணோடு அது ஒத்துப்போகவில்லை. அப்போதுதான் துடைத்தேன், பிய்த்தேன்.

அன்று சாயங்காலம் மூன்று படங்களையும் செல்போனில் படம் பிடித்துக் கேதகிக்கு அனுப்பி, இடது கண் எனக்கு வரவே மாட்டேன் என்கிறது, என்ன தப்பு செய்கிறேன் என்று கேட்டேன்.

அவள் எழுதவில்லை. கூப்பிட்டாள்.

"வடிவு ஆன்ட்டி, நீங்க தப்பே செய்யல" என்றாள். "தப்பாப் பார்க்கிறவங்க தினமும் வேற வேற மாதிரி தப்புப் பண்ணுவாங்க. நீங்க முதல் ரெண்டு நாளும் நாலே முக்காலுக்கு ஒரே கண்ணை, ஒரே அளவுக்கு மூடினமாதிரி போட்டிருக்கீங்க. இன்னைக்கு நாலு மணிக்குத் திறந்தமாதிரி போட்டுட்டு, நாலே முக்காலுக்குத் துடைச்சிருக்கீங்க. நீங்க பார்த்ததைத்தான் போட்டிருக்கீங்க."

"அப்போ?"

"அப்போ அவங்க கண்ணுதான் மாறுது. டாக்டர்கிட்ட காட்டுங்க."

போனை வைத்ததும் மூன்று படங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன்.

நாலாம் நாள்

என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த நாள் ஞாபகம் வந்துவிட்டது. பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். பாதி வாய்தான் சிரித்தது. அந்தப் பாதிச் சிரிப்பைப் பார்த்து நானும் சிரித்தேன், அவர் வேடிக்கை காட்டுகிறார் என்று. எனக்கு அப்போது பதினைந்து வயது. அந்தச் சில நிமிடங்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மறுநாள் காகிதத்தை ஒட்டினேன், வண்ணத்தைக் கரைத்தேன். வரையவில்லை. பாசாங்காகத் தூரிகையை அசைத்துக்கொண்டு கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு மணி. இரண்டும் ஒன்று. நாலு இருபதுக்கு இடது இமை லேசாகக் கனத்தது, தூக்கம் வருகிற மாதிரி. நாலரைக்குக் கருவிழியின் மேல்விளிம்பைத் தொட்டது. அண்ணி தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, தாடையைத் தூக்கி என்னைப் பார்க்க ஆரம்பித்தார். அகங்காரமாகத் தெரியும் அந்தத் தலைநிமிர்வு எனக்கு நன்றாகப் பழக்கம். இமைக்குக் கீழே மிச்சமிருந்த இடைவெளி வழியாகப் பார்ப்பதற்காகத்தான் அவர் தலையைத் தூக்குகிறார் என்பது அப்போதுதான் புரிந்தது.

"அண்ணி, கொஞ்சம் சிரிங்க."

"இன்னாத்துக்கு?"

"சும்மா சிரிங்களேன்."

சிரித்தார். உதடு இரண்டு பக்கமும் சமமாகவே போனது. கையைத் தூக்கச் சொன்னேன். இரண்டு கையும் மேலே வந்தன. ஆனால் சீக்கிரமே இறங்கிவிட்டன.

"படம் போட்றியா, டிரில் வாத்தியார் வேலை பாக்றியா?"

"உங்க இடது கண்ணு மூடிக்கிடுது அண்ணி. தினமும். நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். நாளைக்கு டாக்டர்கிட்ட போவோமா?"

ஒரு நொடி அவர் முகத்தில் வந்தது கோபம் இல்லை. அதை நான் சரியாகவே பார்த்தேன், நாலு நாளாகப் பார்க்கும் முகமாயிற்றே. பயம். உடனே அதை மறைத்துக்கொண்டார்.

"வயசாவுது. கண்ணு சொருவும். ஜாவு தே" என்றார். விட்டுத் தள்ளு என்பதற்கு மராத்தி. அண்ணி ஒரு பேச்சை முடிக்க வேண்டுமென்றால் மராத்திக்குப் போய்விடுவார்.

சேகரிடம் சொன்னேன். அவர் அக்காவிடம் பேசிப் பார்த்தார். "உன் பொண்டாட்டிக்குப் படம் வரல, என் கண்ணு மேல பழி போட்றா" என்று பதில் வந்தது.

அன்று எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. அவர் டம்ளரைத் தூக்கினால் பார்த்தேன். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்தால் பார்த்தேன். சாப்பாட்டு மேஜையில் பத்து வாய் வேகமாக மென்றார், பிறகு மெல்ல, பிறகு கையால் தாடையை மேலே தள்ளித் தள்ளி மென்றார், பிறகு தட்டைத் தள்ளிவிட்டார். இத்தனை மாதம் அந்த மேஜையில் எதிரே உட்கார்ந்து நான் என்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்?

தேநீர்

ஐந்தாம் நாள் அவரே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "இன்னிக்கோட முடியுது இல்ல?" என்றார்.

நடுவில் இஞ்சித் தேநீர் போட்டுக் கொடுத்தேன். நான்தான் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். இரண்டாவது வாய் உள்ளே போகவில்லை. மூக்கு வழியாகத் திரும்பி வந்தது.

டம்ளர் உருண்டது. இருமினார். அந்த இருமலில் பலமே இல்லை. குழந்தை இருமுகிற மாதிரி. மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் ஒரு கரகரப்பு. கண் இரண்டும் என்னையே பார்த்தன, ஒன்று முழுசாக, ஒன்று பாதியாக.

ஓடிப்போய் அவரை முன்னால் குனியவைத்து முதுகைத் தட்டினேன். "என்ன செய்யுது அண்ணி? சொல்லுங்க, என்ன செய்யுது?" என்று கத்தினேன். திருநெல்வேலியிலேயே விட்டுவந்த குரல் ஒன்று என் தொண்டையிலிருந்து வந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. இரண்டு நிமிடம் இருக்கலாம். கடைசியில் மூச்சு சீரானது. என் வண்ணத் துணியால் அவர் முகத்தைத் துடைத்தேன். கன்னத்தில் நீலம் ஒட்டிக்கொண்டது.

பேசினார். மூக்கால் பேசினார். பாதி வார்த்தை காற்றாகப் போனது.

"ஆறு ஏழு மாசமா இப்டித்தான். சாயங்காலம் ஆனா தண்ணி எறங்காது. வாய் கொழறும். அதான் பேசறதில்ல."

"ஏன் அண்ணி சொல்லல? எங்ககிட்ட ஏன் சொல்லல?"

அவர் கன்னத்து நீலத்தை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். நாக்கு ஓய்வெடுத்துக்கொள்ளக் காத்திருந்தார் என்று இப்போது தெரிகிறது.

"நீங்க ரெண்டு பேரும் பால்கனில பேசிக்கினு இருந்தீங்க. கட்கில ரூம் பாத்தத. நான் இந்தாண்ட துணி மடிச்சிக்கினு இருந்தேன்" என்றார். "ஒடம்பும் கெட்டுப்போச்சுன்னா இன்னும் சீக்கிரமா அனுப்சிடுவீங்கன்னு தோணுச்சு."

அதில் குத்தல் இல்லை. அறுபத்தோரு வயதுப் பெண் ஒருத்தி தன் கணக்கை அப்படியே சொன்னார். குத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

தரையில் கொட்டிய தேநீரைத் துடைத்தேன். பிறகு சேகருக்குப் போன் செய்தேன்.

டாக்டர் முன்னால்

நரம்பு டாக்டரிடம் மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் நேரம் கிடைத்தது.

காலை பத்து மணி! போகிற வழியெல்லாம், ஏரவாடா சிக்னலில் ஆட்டோ நின்றபோதெல்லாம், நான் திரும்பித் திரும்பி அண்ணியைப் பார்த்தேன். தூங்கி எழுந்த முகம். இரண்டு கண்ணும் பளிச்சென்று திறந்திருந்தன. குரல் கணீரென்று, ஆட்டோக்காரரிடம் மராத்தியில் வழி சொல்லிக்கொண்டு வந்தார். இந்தப் பெண்மணிக்கு என்ன என்று டாக்டர் என்னைத் திட்டப்போகிறார் என்றே தோன்றியது.

அப்படியேதான் ஆரம்பித்தது. "என்ன பிரச்சினை?" என்று டாக்டர் கேட்க, "ஒன்றுமில்லை, வயசு" என்று அண்ணி சுத்தமான இந்தியில் சொன்னார். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். முழங்காலில் தட்டிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. சேகர் என்னைப் பார்த்தார்.

நான் பிளாஸ்டிக் உறையிலிருந்து படங்களை எடுத்து மேஜையில் பரப்பினேன். அவசரத்தில் ஒன்று கீழே விழுந்தது. "சார், நான் படம் போடக் கற்றுக்கொள்கிறேன். நன்றாக வராது. ஆனால் பார்த்ததைத்தான் போட்டிருக்கிறேன்" என்றேன்.

சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். ஒவ்வொரு கண்ணின் பக்கத்திலும் பென்சிலால் குறித்திருந்த எண்களில் விரலை வைத்தார். "இதெல்லாம் மணியா?"

"ஆமாம் சார்."

அவர் அண்ணியிடம் திரும்பி, "அம்மா, தலையை அசைக்காமல் விட்டத்தையே பாருங்கள். நான் சொல்லும்வரை இமைக்கக் கூடாது" என்றார்.

அண்ணி மேலே பார்த்தார். அறையில் ஏசி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. அரை நிமிடம். ஒரு நிமிடம். ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் கண் விழ வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். விழக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன். இரண்டாவது நிமிடம் நெருங்கும்போது இடது இமை மெதுவாக, யாரோ நூல் விட்டு இறக்குவதுபோல, இறங்கியது.

டாக்டர் நர்ஸிடம் சொல்லி, ரப்பர் கையுறைக்குள் பனிக்கட்டி போட்டுக் கொண்டுவரச் செய்தார். அதை மூடிய இமையின் மேல் இரண்டு நிமிடம் வைத்து எடுத்தார். அண்ணி கண்ணைத் திறந்தார். முழுசாகத் திறந்தது.

சேகர் "அக்கா" என்றார்.

மயஸ்தீனியா என்று பெயர் சொன்னார் டாக்டர். நரம்பு இடும் கட்டளை தசைக்குச் சரியாகப் போய்ச் சேராத நோய். தசையைப் பயன்படுத்தப் பயன்படுத்தச் சோர்ந்துபோகும், ஓய்வு கொடுத்தால் திரும்பும். கண், தாடை, தொண்டை. விட்டால் மூச்சுத் தசை. "மாத்திரைக்குக் கட்டுப்படும். ஆனால் தொண்டை வரை வந்துவிட்டது. தனியாக இருக்கிறாரா?" என்று கேட்டார்.

சேகர் என் பக்கம் திரும்பினார். அண்ணிதான் சொன்னார்: "இல்ல. தம்பி வீட்ல."

காத்திருந்த நாட்கள்

ரத்தம் எடுத்தார்கள். நெஞ்சுக்குள் ஒரு சுரப்பி இருக்கிறதாம், இந்த நோய் வந்தவர்கள் சிலருக்கு அதில் கட்டி இருக்குமாம். அதற்கு ஸ்கேன். முடிவு வர நாலு நாள்.

அந்த நாலு நாளும் நான் தூரிகையைத் தொடவில்லை. அவர் தண்ணீர் குடிக்கும்போது பக்கத்திலேயே நின்றேன். "அரே, நான் இன்னா கைக்கொழந்தையா?" என்று அதட்டினார். அதட்டல் சத்தமாக இருந்தால் எனக்கு நிம்மதி. குரல் மூக்குக்குப் போனால் படபடப்பு. ஒரு நாள் மத்தியானம் அவர் அசந்து தூங்கும்போது, மார்பு ஏறி இறங்குகிறதா என்று கதவோரம் நின்று பார்த்தேன். கண்ணை மூடியபடியே, "உசுரோடதான் கீறேன். போ" என்றார்.

ஸ்கேனில் கட்டி இல்லை. சேகர் ரிப்போர்ட்டை மூன்று முறை படித்துவிட்டு, குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டார்.

மாத்திரை வேலை செய்தது. ஆனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத முடியாது. மாத்திரை மணி தவறினால் இமை இறங்கும். ஜலதோஷம் பிடித்தால் எங்கள் மூன்று பேருக்கும் குலை நடுங்கும். ஒரு முறை ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் வைத்திருக்கவும் வேண்டி வந்தது.

கட்கி வீட்டை வேண்டாமென்று சொல்லிவிட்டதாக நான் அண்ணியிடம் சொன்னேன். பெரிய மனதாகச் சொல்வதாக எனக்கு நினைப்பு.

"உன்ன யாரு சொல்லச் சொன்னா?" என்றார். "போவணும்னா நானே போவேன். இருக்கணும்னா நானே இருப்பேன். நீ அனுப்பவும் வேணாம், நிறுத்திக்கவும் வேணாம்."

"தப்புப் பண்ணிட்டேன் அண்ணி."

"ஆமா, பண்ணிட்ட" என்றார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

நாற்காலி

பாதியில் நின்ற ஐந்தாம் நாள் படத்தை முடிக்க, தீபாவளி கழிந்த ஒரு நாள் மறுபடி உட்கார்ந்தார். மழை போய், காற்று உலர்ந்திருந்தது. பூச்சு கண்ணெதிரே காய்ந்தது. எந்தக் கண்ணைப் போடுவது என்று அவரிடமே கேட்டேன், திறந்ததையா, பாதி மூடியதையா.

"உங்க மாஸ்டர் இன்னா சொன்னா? பாக்கறதப் போடுன்னுதானே? போடு" என்றார்.

மாத்திரை வேலை செய்துகொண்டிருந்த நேரம் அது. ஆனாலும் இடது இமை வலதைவிட ஒரு மயிரிழை தாழ்ந்தே இருந்தது. அந்த மயிரிழையைப் போட்டேன். கண்ணின் பளபளப்புக்குக் காகித வெள்ளையை விட்டிருந்தேன். இந்த முறை அதன் மேல் வண்ணம் ஏறவில்லை. மூக்கு சரியாக வரவில்லை. உதடு கொஞ்சம் தடித்துவிட்டது.

எடுத்துப் பார்த்தார். கையைத் தள்ளிப் பிடித்து, பரீட்சைத் தாள் திருத்துகிறவர் மாதிரி பார்த்தார்.

"நான்தான்" என்றார்.

பிறகு எழுந்து, தன் நாற்காலியைக் காட்டி, "நீ எழுந்திரு. அங்க போய் உக்காரு" என்றார்.

"எதுக்கு அண்ணி?"

"எனக்குப் படமெல்லாம் போட வராது. ஆனா ஆறு நாளு நீ என் மூஞ்சியப் பாத்த இல்ல? நான் உன்னப் பாக்கணும்."

சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் என் முக்காலியில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்க ஆரம்பித்தார். பென்சில் இல்லை, காகிதம் இல்லை. என் கையை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. என் முகத்தில் அவர் என்ன பார்க்கிறார்? ஆரத்தித் தட்டுக்கு எதிரே முகம் சுருங்கி நின்ற பெண்ணையா, பால்கனியில் பேசியவளையா? நெற்றி வியர்த்தது. துடைக்க வேண்டும் போல இருந்தது. இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அரே," என்றார் கணீரென்று, "அசையாத. இன்னும் கண்ணுக்கே வரல நானு."

நிமிர்ந்தேன்.